வழிபாட்டைத் தொடாமல் ஒன்றான சபைகள்: தென்னிந்தியத் திருச்சபை ஒன்றிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

1947க்கு முன் நாசரேத்தில் பிறந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர் அநேகமாக ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபினர். நாகர்கோவிலில் பிறந்தவர் லண்டன் மிஷன் சபைக்காரர். மதுரைப் பக்கம் என்றால் அமெரிக்க மிஷன், அதாவது ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் காங்கிரிகேஷனல் மரபு. ஆர்க்காட்டில் அமெரிக்க சீர்திருத்த சபை. மைசூர் வட்டாரத்தில் வெஸ்லியன் மெதடிஸ்டு. இவர்களில் யாரும் இறையியல் நூல்களைப் புரட்டிப் பார்த்துத் தங்கள் சபையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். எந்த வட்டாரத்தில் யார் ஊழியம் செய்வது என்று மிஷன்கள் தங்களுக்குள் எல்லை பிரித்துக்கொண்டன. அந்தக் கோடு எங்கே விழுந்ததோ, அதுவே ஒரு குடும்பத்தின் 'சபை மரபு' ஆயிற்று.

வீட்டில் வாசித்த வேதம் ஒன்றுதான். பவர் தலைமையிலான குழுவின் தமிழ் மொழிபெயர்ப்பு 1871இல் வந்தபின் பெரும்பாலான சபைகளும் அதையே எடுத்துக்கொண்டன. பாடிய கீர்த்தனைகளும் ஒன்றுதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் லுத்தரன் மிஷனரிமாரிடம் வளர்ந்தவர்; அவருடைய பாடல்களை மதுரைக் காங்கிரிகேஷனல் சபைகளும் திருநெல்வேலி ஆங்கிலிக்கன் சபைகளும் பாடின. பிரிவு தெரிந்த இடம், இயேசுவின் மரணத்தை நினைத்து அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து மேசை. பேராயர் கைவைத்துத் திடப்படுத்தாதவர் ஆங்கிலிக்கன் கோவிலில் அப்பம் வாங்க முடியாது. லண்டன் மிஷன் சபையில் இருபது ஆண்டு திருவிருந்து வாங்கிய ஒருவர் வேலை மாற்றலாகிப் பாளையங்கோட்டைக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமை அங்கே பாட்டு வரைக்கும் சபையார், பந்திக்கு வெளியாள்.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி, இந்த நிலை எப்படி மாறியது, எந்த அளவுக்கு மாறியது என்பது. இந்தச் சபைகள் 1947இல் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவான கதையை ஆட்சிமுறைப் பேச்சுவார்த்தையாகவே சொல்வது வழக்கம். அதன் உயிர்முடிச்சு வழிபாட்டில் இருந்தது என்பதே எங்கள் வாசிப்பு. 1947இல் வழிபாட்டைத் தொடாமல் விட்டார்கள். தொடாமல் விட்டதால்தான் 1950இல் ஒரு பொது முறைமையைத் துணிந்து எழுத முடிந்தது.

தரங்கம்பாடியிலிருந்து செயின்ட் ஜார்ஜ் பேராலயம் வரை

முதல் படி 1908இல் விழுந்துவிட்டது. மூப்பர் மன்றங்கள் ஆளும் பிரெஸ்பிட்டேரியன் சபைகளும் காங்கிரிகேஷனல் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் அதில் அடக்கம். இன்றைக்கும் தென்னிந்தியத் திருச்சபைக்கு இலங்கையில் ஒரு யாழ்ப்பாண ஆதீனம் (ஒரு பேராயரின் ஆட்சி வட்டாரம்) இருப்பதன் காரணம் இதுதான். இரு தரப்புக்கும் பேராயர் இல்லாத மரபு என்பதால் இந்தக் கட்டம் அதிகச் சிக்கல் இல்லாமல் நடந்தது.

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர். முன்னின்றவர் தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளைக்காரர், 1912இல் ஆங்கிலிக்கன் மரபின் முதல் இந்தியப் பேராயரானவர். ஐக்கிய சபைத் தரப்பில் வி. சந்தியாகு. அங்கே எழுதிய அறிக்கையின் சாரம் நேரடியானது: எங்களைப் பலவீனப்படுத்தும் இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை, இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பமும் இல்லை. கூடவே நாலு அடிப்படைகளை வைத்தார்கள்: வேதம், இரண்டு விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், வரலாற்றுப் பேராயர் முறை (பேராயர் கைவைத்துப் பேராயரை ஏற்படுத்தும் தொடர்ச்சி). நாலாவதுதான் 28 ஆண்டுகளை விழுங்கியது.

அடுத்த ஆண்டிலிருந்து கூட்டுக் குழு வேலை செய்தது. 1925இல் மெதடிஸ்டுகள் சேர்ந்தார்கள். 1929இல் ஒன்றிப்புத் திட்டம் முதல்முறை அச்சாகி, பிறகு திருத்தித் திருத்திப் பல பதிப்புகள் கண்டது. பம்பாய்ப் பேராயர் பால்மரும் பசுமலை இறையியல் பள்ளியின் பானிங்காவும் இதில் உழைத்த அளவுக்கு அவர்கள் பெயர் பேசப்படுவதில்லை. மூன்று இடங்களில் பேச்சு திரும்பத் திரும்ப முறியப் பார்த்தது.

முதலாவது, பேராயர் கைவைக்காமல் அபிஷேகம் (குருப்பட்டம்) பெற்ற குருமாரை என்ன செய்வது? ஒன்றிப்பு நாளில் எல்லாக் குருமாரும் ஒருவர்மேல் ஒருவர் கைவைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. கேட்க அழகாக இருந்தது. ஆனால் ஒரு தரப்பு அதை ஆசீர்வாதம் என்று வாசிக்கும், இன்னொரு தரப்பு மறு அபிஷேகம் என்று வாசிக்கும். ஒரே செயலுக்கு இரண்டு அர்த்தம் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கவேண்டாம் என்று அதைக் கைவிட்டார்கள். அந்த நேர்மையை இங்கே குறித்துக்கொள்ளத்தான் வேண்டும். பதிலாக வந்தது 30 ஆண்டு ஏற்பாடு. இருக்கிற குருமார் அனைவரையும் அப்படியே ஏற்பது. இனி வரும் அபிஷேகங்களில் எல்லாம் பேராயரும் குருமாரும் சேர்ந்து கைவைப்பது. 30 ஆண்டு கழித்துத் திருச்சபை உட்கார்ந்து மிச்சத்தை முடிவு செய்வது. காலமே வேலையைச் செய்யட்டும் என்ற கணக்கு.

இரண்டாவது, குருப்பட்டம் இல்லாத சபை மூப்பர் திருவிருந்து நடத்தலாமா? ஐக்கிய சபை இதை அழுத்திக் கேட்டது. ஒரு குருவானவருக்குப் பத்து இருபது கிராமச் சபைகள் இருக்கும் இடத்தில் இது கோட்பாட்டுச் சண்டை ஆகாது. குருப்பட்டம் இல்லாத உபதேசியார் மட்டும் இருக்கிற ஊருக்கு ஆண்டில் எத்தனை முறை பந்தி கிடைக்கும் என்ற கேள்வி. கடைசியில் ஐக்கிய சபை விட்டுக்கொடுத்தது. அந்தக் கேள்வி கிராமங்களில் இன்னும் தீரவில்லை.

மூன்றாவது, வழிபாட்டு முறை. ஆங்கிலிக்கன் வழிபாட்டு நூலான பொது ஜெபப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் அதை இழக்கப் பயந்தார்கள். புத்தகமில்லாமல் ஜெபித்தவர்கள் அது தங்கள்மேல் வந்து விழும் என்று பயந்தார்கள். இங்கேதான் ஆவணத்தின் மிகச் சிறந்த பகுதி வருகிறது. 'வாக்குறுதி' என்றே அதற்குப் பெயர். ஒரு சபை நெடுங்காலமாகப் பழகிய வழிபாட்டு வடிவத்தையோ ஊழிய முறையையோ அச்சபையின் சம்மதமின்றி மாற்ற யாரும் வற்புறுத்தமாட்டார்கள் என்பது அதன் பொருள். சட்டமாக எழுதாமல் வாக்காக எழுதியதில் ஒரு நுணுக்கம் உண்டு. சட்டத்தில் சந்து தேடலாம். கொடுத்த வாக்கில் தேடினால் தேடுபவருக்கே கூச்சம்.

இங்கிலாந்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. கவிஞர் டி. எஸ். எலியட்கூடத் திட்டத்துக்கு எதிராகச் சிறுநூல் எழுதினார். இங்கே மெதடிஸ்டுகள் 1943இலும் ஆங்கிலிக்கன் பொதுப் பேரவை 1945 ஜனவரியிலும் ஐக்கிய சபை 1946இலும் ஒப்புதல் கொடுத்தன. அசரியா 1945 ஜனவரி 1 அன்று இறந்தார். தம் சபையின் வாக்கெடுப்பை அவர் பார்க்கவில்லை.

1947 செப்டம்பர் 27, நாடு விடுதலை பெற்ற 43ஆம் நாள், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் திருவிதாங்கூர்-கொச்சிப் பேராயர் சி. கே. ஜேக்கப் ஒன்றிப்பை அறிவித்தார். ஆங்கிலிக்கன் தரப்பில் நாலு ஆதீனங்கள், ஐக்கிய சபையின் வட்டார மன்றங்கள், மெதடிஸ்டுகளின் நாலு மாவட்டங்கள் என்று பெயர் பெயராக வாசித்து, இவை ஒரே திருச்சபை ஆயின என்றார். 14 ஆதீனங்களுக்கு 14 பேராயர்கள். ஐவர் ஏற்கெனவே பேராயர், ஒன்பது பேர் அன்றே அபிஷேகம் பெற்றார்கள். மைக்கேல் ஹாலிஸ் முதல் பிரதமப் பேராயர். பேராயர்களோடு குருமாரும் சேர்ந்து கைவைத்தது அன்று எல்லாரும் கண்ணால் பார்த்த புதுமை.

அடுத்த ஞாயிறு? நாசரேத்தில் ஜெபப் புத்தகம். நாகர்கோவிலில் நீண்ட பிரசங்கம். எதுவும் மாறவில்லை. மாறாதது தோல்வி என்று வெளியார் எழுதினார்கள். வாக்குறுதியின்படி அதுதான் நடந்திருக்க வேண்டும்.

1950: மேசையைச் சுற்றி

ஆனால் சினாடு, அதாவது திருச்சபையின் பொதுப் பேரவை, கூடும்போது எந்த முறைப்படி திருவிருந்து நடத்துவது? நாலு மரபுக்காரர் ஒரே கூடத்தில் இருக்கிறார்கள். இந்த மிகச் சாதாரணமான தேவைதான் பொது முறைமைக்குப் பிறப்பிடம். வழிபாட்டுக் குழுவை லெஸ்லி பிரவுன் நடத்தினார். திருவனந்தபுரம் கேரள ஐக்கிய இறையியல் கல்லூரியின் முதல்வர், சிரியன் கிறிஸ்தவரின் வழிபாட்டை அருகிலிருந்து படித்தவர். 1950 ஜனவரியில் சென்னை சினாட்டில் அந்த முறைமை முதல்முறை பயன்பட்டது. 1954இலும் 1962இலும் திருத்தினார்கள், 1963இல் பொது வழிபாட்டுப் புத்தகமாக வந்தது. எந்தச் சபைக்கும் கட்டாயமில்லை.

அமைப்பு மூன்று பகுதி: ஆயத்தம், வசன ஊழியம், அப்பம் பிட்குதல். ஒவ்வொன்றிலும் யாருடைய சொத்து எங்கே இருக்கிறது என்று பார்த்தால் குழுவின் மூளை தெரியும்.

வேதம் முதலில் பவனியாக உள்ளே வருகிறது. இது ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிட்டேரியன் வழக்கம். இருதயங்களெல்லாம் திறந்திருக்கிற தேவனை நோக்கிய ஆரம்ப ஜெபம் ஆங்கிலிக்கன் புத்தகத்தினுடையது. வாசகம் மூன்று: பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம். ஜெபப் புத்தக முறையில் திருவிருந்துக்கு இரண்டே வாசகம். பழைய ஏற்பாட்டைத் திரும்பச் சேர்த்தது பெரிய திருத்தம். லித்தானியா என்னும் தொடர் ஜெபத்தில் உதவிக் குரு ஏவ, சபையார் பதில் சொல்கிறார்கள். சொந்த வார்த்தையில் ஜெபிக்கவும் இடம் உண்டு; காங்கிரிகேஷனல்காரர் இதில்லாமல் வந்திருக்கமாட்டார்கள். ஆண்டின் தொடக்கத்துக்கு மெதடிஸ்டுகளின் உடன்படிக்கை ஆராதனை 1963 புத்தகத்தில் இடம்பெற்றது.

மூன்றாம் பகுதிதான் இந்த முறைமையின் இதயம். 'இதோ, சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது' என்ற 133ஆம் சங்கீத வசனத்தோடு அது தொடங்குகிறது. குருவானவர் மேசைக்குப் பின்னால் நின்று சபையாரைப் பார்க்கிறார். ரோமன் கத்தோலிக்கக் கோவில்களில் இது பொதுவானது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, அதாவது 1960களின் நடுவில். இங்கே 1950இலேயே.

பிறகு சமாதானம். கேரளச் சிரியன் மரபிலிருந்து எடுத்தது. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார். இருவரும் தத்தம் இடது கையால் மற்றவரின் வலது கையின் புறத்தை மூடிக்கொள்கிறார்கள். குருவானவர் உதவுகிறவர்களுக்குக் கொடுக்க, அவர்கள் கீழே இறங்கி ஒவ்வொரு வரிசையின் முதல் ஆளுக்குக் கொடுக்க, அங்கிருந்து ஆள் ஆளாகக் கடைசி வரை போகிறது. இது காணிக்கைக்கு முன் வருவதுதான் பொருள். பீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:23, 24. அப்பமும் திராட்சரசமும் காணிக்கைத் தட்டோடு சபையார் நடுவிலிருந்து வருகின்றன. அதற்கு முன் கை கை சேர்ந்திருக்க வேண்டும்.

இயேசு திருவிருந்தை ஏற்படுத்திய வார்த்தைகள் முடிந்தவுடன் சபையார் அவருடைய மரணத்தை நினைவுகூர்ந்து, உயிர்ப்பை அறிக்கையிட்டு, இரண்டாம் வருகைக்குக் காத்திருப்பதாகச் சொல்கிறார்கள். இதுவும் கிழக்கத்திய மரபு. உலகின் பல சபைகள் பின்னாளில் தங்கள் திருத்திய முறைமைகளில் இப்படிச் சபையார் குரலைச் சேர்த்தபோது, கையில் இருந்த முன்மாதிரிகளில் தென்னிந்திய முறைமையும் ஒன்று.

நடைமுறையில் எங்கே சிக்கும்

சமாதானம் கொடுத்தல் பழுதாவது பெரும்பாலும் வேகத்தால். நாற்பது வரிசை உள்ள கோவிலில் ஒரே ஆள் நடுப்பாதையில் இறங்கினால், கடைசி வரிசைக்குப் போய்ச் சேருமுன் முன்வரிசை பாட்டைத் தொடங்கிவிடும். நாலு பேராவது இறங்க வேண்டும். ஆண்கள் பக்கம் இருவர், பெண்கள் பக்கம் இருவர். வரிசையில் யாருக்கும் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் தொடர் அறுந்துபோகும், பின்வரிசைக்குத் திரும்பிக் கொடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். பல சபைகளில் இது கைகூப்பித் தலையசைப்பதாகச் சுருங்கிவிட்டது. கூப்புவது நம் ஊர் மரியாதைதான். ஆனால் எட்டடி தூரத்திலிருந்து கூப்பலாம். பேச்சில்லாத பங்காளிக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தப்பலாம். உள்ளங்கை சேரும்போது அந்த வசதி இல்லை.

அப்பரசம் கொடுக்கும் முறையில் மரபுப் பிடிவாதம் மிக அதிகம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு வழியில் மேசைக்கு முன்னுள்ள கிராதியண்டை முழங்கால். ஒரு பந்திக்குப் பன்னிரண்டு பேர், ஒரு பந்தி இரண்டு நிமிடம் என்று வைத்தால் இருநூறு பேருக்குப் பதினேழு பந்தி, முப்பத்துநாலு நிமிடம். காங்கிரிகேஷனல் வழியில் சபையார் இருந்த இடத்திலேயே இருக்க, மூப்பர்கள் தட்டுகளைக் கொண்டுபோவார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடியும். ஒரே பாத்திரமென்றால் இருநூறு பேருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ரசம் போதும். தனிக் கிண்ணங்களென்றால் ஒன்றுக்கு எட்டு மில்லி வீதம், சிந்துவதையும் சேர்த்து இரண்டு லிட்டருக்குப் பக்கம் வேண்டும், பிறகு கழுவ ஆள் வேண்டும். இரண்டு மரபுச் சபைகள் சேர்ந்து ஆராதிக்கும்போது இதை முந்தின வாரமே பேசி வைக்காவிட்டால் சங்கடம் பந்தி நேரத்தில்தான் வெளியே வரும்: பாதிப் பேர் எழுந்து வருவார்கள், பாதிப் பேர் உட்கார்ந்து காத்திருப்பார்கள். ரசம் புளித்ததா, உலர்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்து எடுத்ததா என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். மது தொடக்கூடாதென்று இருப்பவர் உதடுவரை கொண்டுபோன பாத்திரத்தைத் திருப்பித் தருவதைப் பார்க்க நேரலாம்.

ஒருமைப்பாட்டுக்கு முறைமை தரும் மிகத் தெளிவான அடையாளம் அப்பம் பிட்குதல். 'அநேகராகிய நாம் ஒரே அப்பம்' என்று சொல்லிவிட்டு, தனித்தனியாக வட்டமாக வெட்டிய மெல்லிய அப்பங்களைக் கொடுத்தால் வார்த்தை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஒரு முழு அப்பத்தையாவது மேசையில் வைத்துப் பிட்க வேண்டும்.

முறைமையின் உண்மையான குறை மொழியில். ஆங்கிலத்தில் எழுதித் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று பெயர்த்தார்கள். தமிழ் வடிவத்தில் வாக்கியம் நீண்டு, சபையார் மூச்செடுக்கும் இடம் தவறுகிறது. கீர்த்தனை பாடும்போது நிமிரும் அதே சபை, பதில்களைச் சொல்லும்போது முணுமுணுக்கும். பதிலை வாசிக்கவிடாமல் ராகத்தில் பாடவைத்த இடங்களில் அது உயிர் பெற்றது.

முறைமைக்கு எட்டாதவை

கொரிந்துச் சபையின் பந்தியைப் பற்றிப் பவுல் எழுதுகிறார்: 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.' இங்கே அந்த இடத்தில் சாதி. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாதென்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் விலகினார்கள். தனி இருக்கை, பாத்திரத்துக்கு முன்பின் வரிசை என்பதெல்லாம் அந்தச் சண்டையின் பொருள். 1919 அறிக்கை மிஷன் பிரிவினைகளை வெளியிலிருந்து வந்தவை என்று சரியாகச் சொன்னது. சாதி வெளியிலிருந்து வந்ததில்லை. அதற்கு எந்த அறிக்கையும் முப்பதாண்டு அட்டவணை போடவில்லை. ஆதீனத் தேர்தல்களில் வாக்கு எப்படித் திரள்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பள்ளி, கல்லூரி, நிலம் என்று சொத்து பெருகப் பெருக நீதிமன்ற வழக்கும் பெருகியது. சமாதானம் கொடுத்த கையே மறுநாள் வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறது.

ஆகவே ஒன்றிப்பை அளக்கும்போது, அது எதைச் செய்ய எழுந்ததோ அதை வைத்து அளப்பதே நியாயம். நாகர்கோவில்காரர் பாளையங்கோட்டையில் பந்திக்கு வெளியே நிற்பதில்லை. அது முடிந்துவிட்டது, முழுதாகவே. குருமார் பிரச்சினையையும் காலம் கரைத்தது. இலங்கையில் எல்லாவற்றையும் தொடக்க நாளிலேயே ஒரு சடங்கில் முடித்துவிடும்படி வகுத்த திட்டம் வழக்கில் சிக்கி நிறைவேறாமல் போனதை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

வாக்குறுதி எவ்வளவு தூரம் மெய்யானது என்பதற்கு நந்தியால் சாட்சி. ஆந்திரத்தின் அந்த வட்டார ஆங்கிலிக்கன் சபைகளில் பெரும்பகுதி 1947இல் சேர மறுத்து, பழைய சபையிலேயே நின்றது. விட்டுவிட்டார்கள். 1975இல் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். 2013இல் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக இ. புஷ்பலலிதா பொறுப்பேற்றதும் அதே நந்தியாலில்தான்.

லுத்தரன்கள் வரவில்லை. 1948 முதல் இறையியல் பேச்சு நடந்து, திருவிருந்தைப் பற்றிக்கூட உடன்பாடு எட்டியும் ஒன்றிப்பு கைகூடவில்லை. மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இரு தரப்பு மாணவரும் ஒரே சிற்றாலயத்தில் ஆராதித்து, பட்டம் வாங்கி, வேறு வேறு சபைகளுக்கு அபிஷேகம் பெறப் போகிறார்கள். 1919 அறிக்கை எழுதிய ஊரின் பெயரைத் தாங்கிய தரங்கைப் பேராயர், அதே 1919இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைவர்.